ஏழு மணிக்கு ஷார்ப்பாவா?

கேள்வி: சனிக்கிழமை கும்பகோணத்துல ஒரு நாடகம், ‘மாலை 7 மணிக்கு ஷார்ப்பா’ன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. லண்டன்ல இருக்குற என் மச்சான், அங்கல்லாம் நாடகத்துக்கு முன்னாடி லைட்டா டிரிங்க்ஸ், கேஷுவலா ஒரு டின்னர் முடிச்சுட்டுத்தான் தியேட்டருக்கே போவாங்கன்னு சொல்றார். நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸும் கார்ல அப்படிப் போலாம்னு இருக்கோம். ஆசிரியர் என்ன சொல்றீங்க?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: டிரிங்க்ஸ் கிடக்கட்டும், அந்த ‘ஷார்ப்பா’ எங்கேர்ந்து சார் வந்துச்சு? டெல்டாவுல எது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கு? மேட்டூர் அணைய பாசனத்துக்கு ஜூன் 12 திறக்கணும்ங்கிறது இங்க சின்னப் புள்ளைக்கும் மனப்பாடம். 2022ல மே 24லயே திறந்துட்டாங்க, 2024ல ஜூலை கடைசி வரைக்கும் வானத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். அப்படியே தேதிக்குத் திறந்தாலும் அது கல்லணைக்கு வந்து, காவிரி வெண்ணாறு கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு, ஒவ்வொரு ஷட்டரா தாண்டி வாய்க்கால் கடைசியில இருக்குற கடைமடைக்கு வர்றதுக்குள்ள விதைச்சவன் பாடு என்னன்னு எந்த நோட்டீஸ்லயும் போடுறதில்ல. கடைமடைக்காரர்ட்ட போய் ‘ஷார்ப்பா’ன்னு சொல்லிப் பாருங்க, மம்பட்டியோட வருவாரு. (வாய்க்கால் பேச்ச எடுத்தாலே எங்க சப்-எடிட்டர் கையெடுத்துக் கும்பிடுறார், அதனால இதோட விடுறேன்.)

ஏழு மணிக்கு என்ன நடக்கும்னா தமிழ்த்தாய் வாழ்த்து நடக்கும். அப்புறம் பொன்னாடை. தலைவருக்கு, துணைத்தலைவருக்கு, மண்டபம் குடுத்தவருக்கு, மைக் செட்டுக்காரருக்கு, போன வருஷம் விட்டுப்போனவருக்கு. இந்தப் பொன்னாடைய நான் இந்தப் பக்கத்துல திட்டாத வருஷமே இல்ல, அதுக்குக் கோச்சுக்கிட்டு சபாக்காரங்க ஒருத்தர் எனக்கே ஒண்ணு போத்தி வாய அடைச்சுட்டாங்க, துணி நல்லாத்தான் இருந்துச்சு. ‘நேரமின்மை காரணமா சுருக்கமா’ன்னு ஆரம்பிச்சவர் அரை மணி நேரம் பேசுவாரு. அதுக்குள்ள சைடு படுதாவ விலக்கி ராஜா எட்டிப் பாப்பாரு, பாதி மீசை பிரிஞ்சு தொங்கும், ஒரு விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை பேருன்னு கண்ணாலயே கேப்பாரு. ஆக, டின்னருக்கு உங்களுக்கு நேரம் இல்லாம போவாது, கவலைய விடுங்க.

உங்க மச்சான் சொன்னது பொய்யில்ல. லண்டன்ல நாடகத்துக்குப் போறவங்களுக்குன்னே பல ஓட்டல்ல சாயங்காலம் தனி மெனு உண்டு, ரெண்டு மூணு அயிட்டம், ஒரே ரேட்டு, ஏழு மணிக்குள்ள எழுப்பி விட்டுருவான். ஏழரைக்கு ஷோன்னா ஏழரைக்குத்தான். லேட்டா போனா நடுவுல தோதான எடம் வர்ற வரைக்கும் வெளியிலயே நிக்கணும். இடைவேளை டிரிங்க்ஸகூட முன்னாடியே சொல்லி வச்சுட்டா பேர் எழுதின சீட்டோட கிளாஸ் காத்திருக்கும். மச்சான் டிரிங்க்ஸ மட்டும் அனுப்பியிருக்கார், கடிகாரத்த அனுப்ப மறந்துட்டார்.

நம்ம பக்கத்துல இந்த ‘முன்னாடி’யே கிடையாதே. மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளாங்கிற நாட்டிய நாடகம், பிரகலாத சரித்திரம், ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும், தெலுங்குல. பொம்பள வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. நரசிம்மர் முகமூடி போடுறவர் அன்னைக்கு விரதம். ஆடுறவரே பட்டினி, பாக்குற நமக்கு டின்னர் பிளான்! டிரிங்க்ஸ்னா அன்னைக்கு பானகமும் நீர்மோரும்தான், டம்ளர்ல ஏலக்காய் வாசம் தூக்கும். ஊர்த் திருவிழாவுல போடுற ஸ்பெஷல் நாடகம்னாலும் அப்படித்தான், பத்து மணிக்கு மேல பபூன் வந்து ஒரு மணி நேரம் சிரிக்க வச்சு, வள்ளியும் நாரதரும் தர்க்கத்துக்கு வர்றதுக்கே நடுராத்திரி ஆயிரும். பசிச்சா ஜமுக்காளத்துல துண்டப் போட்டு எடம் பிடிச்சுட்டு எந்திரிச்சுப் போய் சுக்கு காபி, வறுத்த கடலை. தூக்கம் வந்தா அங்கயே தூங்கலாம், சண்டைக் காட்சி வந்தா பக்கத்துல இருக்குறவர் எழுப்பி விடுவாரு.

சரி, கும்பகோணம் போறீங்க. அஞ்சரைக்கே போய் உக்காருங்க, கடப்பா இருக்கான்னு கேளுங்க. ‘கடப்பாங்கறது தரையில போடுற கல்லுதானே’ன்னு போன தீபாவளிக்கு லெட்டர் போட்ட திருச்சி வாசகருக்கு இன்னொரு தடவ சொல்றேன்: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, பச்சமொளகா, சோம்பு, அரைச்சு விட்ட தேங்கா. இட்லிய அதுல முக்கித் தின்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க, உங்க ஊர் சாம்பாரப் பத்தி நான் வாய் தொறந்தேனா? எல்லா ஓட்டல்லயும் எல்லா நாளும் கெடைக்காது, சனிக்கிழமை இருந்தா உங்க அதிர்ஷ்டம். ஆனா அளவா சாப்பிடுங்க, பருப்பும் கெழங்கும் சேந்தா ரெண்டாவது சீன்ல குறட்டைதான். மேல ஒரு டிகிரி காபி, டபரால நுரை அடங்குறதுக்குள்ள.

இப்ப அந்த டிரிங்க்ஸ். டாஸ்மாக் ராத்திரி பத்துக்கு மூடிருவான், பொன்னாடையெல்லாம் முடிஞ்சு நாடகம் விடுறதுக்குள்ள பத்தரை, அதனாலதான் ‘முன்னாடி’ன்னு கேக்குறீங்க, புரியாம இல்ல. நாலு பேர் குடிச்சுட்டு திரும்ப முப்பத்தஞ்சு கிலோமீட்டர் யாரு ஓட்டுறது? அதப் பத்தி கேள்வியில ஒரு வரி இல்ல. குடிக்காத அஞ்சாவது ஆள் ஒருத்தர புடிங்க, இல்ல நாலு பேரும் பஸ்ஸுல போங்க. பின் வரிசையில உக்காந்து முன்னாடி இருக்குறவன் மேல ஏப்பம் விடாதீங்க, அந்த வரிசையில அனேகமா நான்தான் இருப்பேன்.