அப்பாவின் கணக்கு நோட்டும் நம் வீட்டுச் செலவும்

கேள்வி: அப்பாவின் பழைய கணக்கு நோட்டில் சம்பளத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போயிருக்கிறது. எங்களுக்குக் கால் பங்குகூட ஆவதில்லை. நன்றாகத்தான் சாப்பிடுகிறோம். எப்படி இது?

பதில்: வருமானம் கூடியதுதான் முக்கியக் காரணம். 1857-லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அலசி இதைச் சொல்லிவிட்டார். (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.) வருமானம் ஏற ஏற, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும். தொகை கூடலாம், பங்குதான் இறங்கும். வயிற்றுக்கு ஓர் அளவு இருக்கிறதே!

ஆனால் உங்கள் கால் பங்குக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். வெளியே சாப்பிட்டதையும், வீட்டுக்கு வரவழைத்ததையும் எந்தத் தலைப்பில் எழுதுகிறீர்கள்? ‘பொழுதுபோக்கு’ அல்லது ‘இதர செலவு’ என்றால், அவற்றையும் சேர்த்து மறுபடி கூட்டுங்கள். அப்பாவின் நோட்டில் அப்படி ஒரு தலைப்பே இருந்திருக்காது.

கேள்வி: டிவி மலிந்துவிட்டது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகின்றன?

பதில்: இயந்திரம் வந்தால் ஒரு மணி நேரத்தில் பத்து டிவி செய்த இடத்தில் நூறு செய்யலாம். ஆசிரியருக்கு ஒரு மணி நேர வகுப்பு இன்றும் ஒரு மணி நேரம்தான். அதற்காக அவர் சம்பளத்தை அப்படியே வைத்திருக்க முடியுமா? மற்ற இடங்களில் சம்பளம் ஏறும்போது வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் சம்பளத்தை ஏற்றினால் கட்டணமும் ஏறும். 1960-களில் வில்லியம் பாமோல் என்ற பொருளியலாளர் விளக்கியது இதைத்தான். எல்லா ஏற்றத்துக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பெரிய காரணம்.

கேள்வி: ஓய்வுக்காலச் செலவை எப்படிக் கணிப்பது?

பதில்: 72-ஐ விலைவாசி உயர்வு விகிதத்தால் வகுங்கள். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும், 24 ஆண்டில் நான்கு மடங்கு. ஓய்வுபெற்ற பின் போக்குவரத்துச் செலவு குறையும், மருந்துச் செலவு கூடும்.

கேள்வி: வருமானம் குறைந்தும் செலவு குறையமாட்டேன் என்கிறதே?

பதில்: பழகிய வசதியை விடுவது கஷ்டம். ஜேம்ஸ் டியூசன்பெரி என்ற பொருளியலாளர் 1949-லேயே இதை எழுதினார். அப்புறம், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது, ஒரு வருடமாகத் திறக்கவே திறக்காத ஒரு செயலிக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது.