துணுக்குகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய என் மகன், சாப்பாட்டு மேசையில் அமர்ந்தவுடன், வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் சூரியனையே சுற்றிவந்துவிடுகிறது என்றோ, சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியும் என்றோ சொல்லத் தொடங்கிவிடுகிறான். இரண்டாவது பொய் என்கிறார் என் கணவர். பிள்ளை மகிழ்கிறானே, உண்மையோ பொய்யோ இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறேன் நான். பயனற்ற இந்தத் துணுக்குகளில் அப்படி என்ன இன்பம்? இவை படிப்பைக் கெடுக்காதா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

படிப்பைக் கெடுக்காது, அந்தக் கவலையை விடுங்கள். சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, அப்பா என்னைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்று ஒரு கல்லின் முன்னால் நிறுத்தினார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல், காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அரச அலுவலகப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, மூன்று மொழிகளில் எழுதினால் ஒரே செய்தியைத்தான் மூன்று தடவை எழுதியிருப்பார்கள் என்பதில் ஐயமே இருக்கவில்லை. அப்பா குனிந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சீன வரிகள் புத்தரையும், தமிழ் வரிகள் திருமாலாகக் கொள்ளப்படும் தெனவரை நாயனாரையும், பாரசீக வரிகள் அல்லாஹ்வையும் போற்றுகின்றன என்று மெல்லச் சொன்னார். பொன், வெள்ளி, பட்டு என்று நீளும் காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்றார். வீடு திரும்பி அம்மாவிடம் அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் உறுதியாக நம்பியிருந்த ஒன்று அந்தக் கல்லின் முன்னால் உடைந்தது. அந்த உடைவில்தான் இன்பம் இருந்தது. வெள்ளிக் கிரகத்துக்குத் தன்னைச் சுற்ற 243 நாட்களும் சூரியனைச் சுற்ற 225 நாட்களும் ஆகின்றன என்பது உங்கள் மகனைத் துள்ளவைப்பதும், நாள் சிறியது, ஆண்டு பெரியது என்று அவன் முன்பே நம்பியிருப்பதால்தான்.

ஆனால், உண்மையோ பொய்யோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தாய் எழுதலாமா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. மெய்யான துணுக்கு நம்முடைய தவறான எண்ணத்தை உடைக்கிறது. பொய்யான துணுக்கோ நம்மிடமிருக்கும் சரியான அறிவை உடைத்துவிட்டு அந்த இடத்தில் தானே குந்திக்கொள்கிறது. காலிமுகத்திடலில் நின்று, பெரிய கப்பலொன்று அடிவானத்தில் புள்ளியாகத் தேய்வதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும், தொலைவு கூடினால் பொருள் மறையும் என்பது தெரியும். சில மீற்றர் அகலமே கொண்ட சுவர் ஏறக்குறைய 384,000 கிலோமீற்றருக்கு அப்பால் தெரியும் என்று நம்புவதற்கு, தன் கண்ணால் கற்ற அந்தப் பாடத்தை அவன் கைவிட வேண்டியிருக்கிறது. அப்படிக் கைவிட்டதற்குத்தான் நீங்கள் அவனைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதே சரி என்று இன்றிரவே அவனிடம் சொல்லிவிடுங்கள். 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர், சந்திரனைவிட எவ்வளவோ அருகில் பூமியைச் சுற்றிவந்தும், தன் நாட்டுச் சுவர் தன் கண்ணுக்குத் தென்படவில்லை என்று திரும்பிவந்து சொன்னார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுநாள் அவன் வகுப்பில் சொல்லப்போவது அதைத்தான்.