கல்லீரல் நோயாளிக்கு இதய எக்கோ (ஒலியலை ஸ்கேன்) எதற்கு?

நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்கத்தான். கல்லீரல் தழும்பேறி இறுகினால் ரத்தம் பக்கக் குழாய்களில் திரும்பும்; பர்லியார் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றுவதைப் போல. கல்லீரல் வடிகட்டியிருக்க வேண்டிய பொருட்கள் அப்படியே நுரையீரலை அடைந்து, அங்குள்ள குழாய்களைச் சுருக்குவதாகக் கருதுகிறார்கள். சுருங்கிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயத்தின் வலப்பக்கம் திணறும்.

எக்கோவில், வலப்பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை வைத்து அழுத்தத்தைக் கணிக்கிறார்கள். வலி கிடையாது; ஊட்டிக் குளிரில் மார்பில் தடவும் ஜெல்தான் தொல்லை. சந்தேகம் வந்தால் இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி உறுதிசெய்வார்கள். கல்லீரல் மாற்று அறுவைக்கு முன் இது முக்கியம்: அழுத்தம் மிகுந்திருந்தால் அறுவையே உயிருக்கு ஆபத்தாகும்.

கையில் பார்த்த பிரஷர் சரியாக இருக்கிறது, மூச்சிரைப்பு மலையேற்றத்தால்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கைக்கருவி நுரையீரல் அழுத்தத்தைக் காட்டாது.