சங்க வாட்ஸ்அப் குழுவில் ஆதார் நகல்: உடனே செய்ய வேண்டியது

உங்கள் ஆதார் நகல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டதா? ஆதார் எண்ணை மாற்ற முடியாது; கைரேகையைப் பூட்டலாம். எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக்கை இப்போதே போடுங்கள். ஆதார் எண்ணும் கைரேகையும் சேர்ந்தால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்பதால் இதுதான் முதல் வேலை.

செயலாளர் உறுப்பினர் பட்டியலையும் அடையாள நகல்களையும் ஒரே பிடிஎஃப்பில் வைத்திருந்து, அதை அப்படியே அனுப்பியிருக்கலாம். குழுவின் அட்மின் 'எல்லோருக்கும் நீக்கு' கொடுக்கட்டும். ஏற்கெனவே இறக்கிய பிரதிகள் அதனால் போகாது.

மைஆதார் தளத்தில் அங்கீகார வரலாற்றை, அதாவது உங்கள் ஆதார் எப்போது பயன்படுத்தப்பட்டது என்ற பதிவைப் பாருங்கள். கடந்த 6 மாதப் பதிவுகள் தெரியும். நீங்கள் செய்யாதது இருந்தால் ஆதார் உதவி எண் 1947-ஐ அழையுங்கள்.

இனி யார் கேட்டாலும் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரையே கொடுங்கள். சங்கத்துக்கு அதுவே அதிகம்.

பயோமெட்ரிக் பூட்டு ஓடிபியைத் தடுக்காது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.