மறு: அம்மாவின்ர கொலஸ்ட்ரோலும் தேங்காய்ப்பாலும்

எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168 எண்டு வந்தபிறகு அம்மா தேங்காயை அடியோட விட்டு, மீனெண்ணெய்க் குளிசை வாங்கச் சொல்லுறா எண்டு எழுதியிருந்தியள். முதல் குளிசையைப் பற்றிச் சொல்லுறன்: அது குறைக்கிறது இரத்தத்தில இருக்கிற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட்டை. எல்.டி.எல்.ஐ இறக்கிறதுக்கு அதை நம்பவேண்டாம். ரிப்போட்டில ட்ரைகிளிசரைட் எவ்வளவு எண்டு நீங்கள் போடேல்லையே?

தேங்காயெண்ணெயில 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல நிரம்பிய கொழுப்பமிலம், அதில பாதியளவு லோரிக் அமிலம் எண்ட வகை. அது எச்.டி.எல்.ஐயும் (நல்ல கொலஸ்ட்ரோல்) கூட்டும், உண்மைதான், ஆனா எல்.டி.எல்.ஐயும் சேர்த்தெல்லோ கூட்டுது. நல்லெண்ணெயில நிரம்பியது 15 கிராமளவுதான். மிச்சம் பெரும்பாலும் ஒலெயிக், லினோலெயிக் எண்ட நிரம்பாத கொழுப்பமிலங்கள். அதனால தாளிதத்துக்கு நல்லெண்ணெய்க்கு மாறச் சொல்லுங்கோ. இதையும் அளவாத்தான், எந்த எண்ணெயெண்டாலும் கிராமுக்கு 9 கலோரி.

தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற சொதியை விடச்சொன்னா எங்கட வீட்டில சண்டைதான் வரும். நாங்கள் முதற்பாலைக் குறைச்சு, கப்பிப்பாலில (பிழிஞ்ச தேங்காய்ப்பூவைத் திரும்பத் தண்ணி விட்டுப் பிழியிற பால்) வைக்கிறம். கொழுப்பு கூட இருக்கிறது முதற்பாலிலதானே.

குளிசைக் காசுக்கு பாசையூர் மீன்சந்தையிலயோ சின்னக்கடையிலயோ சூடை, கீரி மீன் வாங்கலாம். மீனெண்ணெய்க் குளிசையில இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு அதிலயே இருக்கு. கிழமைக்கு இரண்டுதரம் குழம்பு வையுங்கோ. பொரிச்ச எண்ணெயைப் போத்தலில ஊத்தி வைச்சுத் திரும்பத் திரும்பப் பொரிக்கிற பழக்கம் இருந்தா அதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

டொக்டர் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரோலைக் குறைக்கிற மருந்து) தந்திருந்தா, சாப்பாட்டை மாத்தினம் எண்டு அதை நீங்களா நிப்பாட்டவேண்டாம். அம்மாவுக்கு சீனி, பிரஷர் இருக்கோ?