இரண்டாவது பிரசவம்: வலி வரவைத்தால் ரொம்ப நேரம் இழுக்குமா?

சகோதரி, 41 வாரமாகியும் வலியில்லை, நாளை அட்மிட் ஆகணும், முதல் பிரசவம் போல இதுவும் இழுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது சுகப்பிரசவம் என்பதால் பெரும்பாலும் இழுக்காது.

கர்ப்பப்பை வாய் இளகாமல் இருந்தால் அதை இளக்க 0.5 மி.கி. டினோப்ரோஸ்டோன் ஜெல் வைப்பார்கள். வைத்ததும் அரைமணி நேரம் எழாமல் படுத்திருங்கள், இல்லாவிட்டால் வழிந்துவிடும். ஜெல்லுக்குப் பிறகு ஆக்ஸிடோசின் (வலியைத் தூண்டும் மருந்து) டிரிப் போட குறைந்தது 6 மணி நேரம் விடவேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டாவது பிரசவத்தில் கர்ப்பப்பை டிரிப்புக்குச் சட்டென்று இசையும். 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்தால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். டிரிப்பைக் குறைத்தோ நிறுத்தியோ இடப்பக்கம் ஒருக்களிக்க வைப்பார்கள். முக்கணும் போலிருந்தால், "இப்பதானே வாய் 5 செ.மீ. திறந்திருக்குன்னு சொன்னாங்க" என்று நினைத்து நர்ஸிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். முழுசாகத் திறக்க வேண்டிய 10 செ.மீ.யில் மீதி 5 மளமளவென்று திறந்துவிடும்.