பீரங்கி மட்டும் போதுமா? – கடிதம்

வணக்கம் சார்,

யூட்யூப்ல ஆட்டோமன் (துருக்கி), சஃபாவி (ஈரான்), முகலாய அரசு மூணையும் சேர்த்து ஒரு சீரிஸ் பார்த்தேன். பீரங்கியும் துப்பாக்கியும் கையில இருந்ததாலதான் மூணு பேரும் ஜெயிச்சாங்க, சுலைமான், ஷா அப்பாஸ், ஔரங்கசீப்புக்கு அப்புறம் வந்தவங்க அந்தப்புரத்துலயே கிடந்து நாட்டைத் தொலைச்சாங்கன்னு முடிச்சிட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கயோ இடிக்குது. சுலைமான் செத்தது 1566. ஆட்டோமன் அரசு முடிஞ்சது 1922. 350 வருஷமா ஒரு அரசு சரிஞ்சுக்கிட்டே இருக்குமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

நீங்க பிடிச்ச இடம் சரி. அந்த சீரிஸ்காரங்க சொல்ற கதை அவங்களாக் கட்டினது இல்ல, "வெடிமருந்துப் பேரரசுகள்"னு சிகாகோவுல இருந்த வரலாற்று ஆசிரியருங்க மார்ஷல் ஹாட்ஜ்சன், வில்லியம் மெக்நீல் ரெண்டு பேரும் போன நூற்றாண்டுல வச்ச பேரு, அவங்க கொஞ்சம் நிதானமாத்தான் சொன்னாங்க, வீடியோவுக்கு வர்றதுக்குள்ள பீரங்கி மட்டும் மிஞ்சிடுச்சு.

பாதி உண்மை இருக்கு, அதை மறுக்கல. 1514 ஆகஸ்ட் 23, ஈரான் பக்கம் சால்திரான் போர்க்களம். சஃபாவி அரசர் ஷா இஸ்மாயில் அதுவரைக்கும் தோத்ததே இல்ல, சிவப்புத் தொப்பி போட்ட கிஸில்பாஷ் வீரங்க அவரைக் கிட்டத்தட்ட கடவுளாவே நினைச்சாங்க. எதிர்ல ஆட்டோமன் சுல்தான் செலிம், வண்டிகளைச் சங்கிலியால கோத்து நிறுத்தி, பின்னாடி பீரங்கி, ஜானிசரின்ற சம்பளப் படையோட துப்பாக்கிக்காரங்க. குதிரைப்படை அதுல போய் மோதி நொறுங்கிப் போச்சு. 12 வருஷம் கழிச்சு பானிபட்ல பாபர் அதே வித்தையைத்தான் பண்ணாரு. தன்னோட நினைவுக் குறிப்புலயே எழுதி வச்சிருக்காரு: 700 வண்டி சேர்த்து, "ரூமி முறைப்படி" கட்டச் சொல்லி தன்னோட பீரங்கி நிபுணர் உஸ்தாத் அலி குலிகிட்ட சொன்னாராம், ஆனா சங்கிலிக்குப் பதிலா பச்சைத் தோல்ல திரிச்ச கயிறு, ரெண்டு வண்டிக்கு நடுவுல அஞ்சாறு மறைப்புத் தட்டி, அதுக்குப் பின்னாடி நின்னு துப்பாக்கிக்காரங்க சுடணும். ரூமின்னா ஆட்டோமன்காரங்க. ஆக வித்தை துருக்கியில இருந்து டெல்லி வாசல் வரைக்கும் கைமாறி வந்திருக்கு.

சரி, அப்ப குஜராத் சுல்தான்கிட்ட பீரங்கி இல்லையா? எகிப்தை ஆண்ட மம்லூக்குகள்கிட்ட இல்லையா? இருந்துச்சு. சஃபாவிகளுக்கும் சால்திரானுக்கு முன்னாடியே துப்பாக்கி தெரியும். முகலாயப் படையில கடைசி வரைக்கும் மதிப்பு குதிரைக்காரனுக்குத்தான். பீரங்கி ஒரு நாள் சண்டையை ஜெயிச்சுக் கொடுக்கும், அடுத்த 200 வருஷம் அந்தக் குதிரைக்காரனுக்கு யார் சோறு போடறதுன்றதை அது சொல்லாது. என்னைக் கேட்டா இந்த மூணு அரசோட கதையே சம்பளக் கதைதான்.

அக்பர் கிட்ட இருந்து ஆரம்பிப்போம். ஒரு மன்சப்தாருக்கு, அதாவது பதவித் தரம் கொடுத்த அதிகாரிக்கு, இத்தனை குதிரை வீரர்களை வச்சிருக்கணும்னு கணக்கு, அதுக்குச் செலவுக்கு ஒரு ஜாகீர், அதாவது இன்ன ஊர்களோட வரியை வசூல் பண்ணிக்கிற உரிமை. நிலம் அவருக்குச் சொந்தம் இல்ல, சில வருஷத்துக்கு ஒருதரம் வேற ஊருக்கு மாத்திடுவாங்க. இதுல திருட்டு எப்படின்னா, கணக்குல ஆயிரம் குதிரை, லாயத்துல முந்நூறு, ஆய்வு நாள் அன்னைக்கு மட்டும் பக்கத்துல இரவல். அதைப் பிடிக்கத்தான் அக்பர் குதிரைக்குச் சூடு போட்டு முத்திரை குத்த வச்சாரு, ஆளுக்கும் அங்க அடையாளம் எழுதிக்கிட்டாங்க, மச்சம், தழும்பு எல்லாம். நம்ம ஸ்கூல் டி.சி.ல இருக்கற மாதிரியேதான்! அமீர்களுக்கு, அதாவது பெரிய பிரபுக்களுக்கு, இது சுத்தமாப் பிடிக்கல, இழுத்தடிச்சாங்க. ஷாஜஹான் காலம் வரும்போது அரசாங்கமே இறங்கி வந்திடுச்சு. ஜாகீர் இருக்கற மாகாணத்துலயே வேலைன்னா சொன்ன எண்ணிக்கையில மூணுல ஒரு பங்கு காட்டு, வேற மாகாணம்னா நாலுல ஒண்ணு, ஆப்கானிஸ்தான்ல இருக்கற பால்க் வரைக்கும் போனா அஞ்சுல ஒண்ணு போதும். ஏன்னா ஏட்டுல இருக்கற வரித்தொகை ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணு. வருஷக் கணக்குல எழுதின ஜாகீர் எட்டு மாச வரும்படிதான் தரும்னு அரசாங்கமே ஏட்டுல குறிச்சு வச்சுது. இதெல்லாம் ஔரங்கசீப்புக்கு முன்னாடி, எல்லாரும் பொற்காலம்னு சொல்ற தாஜ்மஹால் காலத்துல.

ஈரான்ல பிரச்சனை வேற. கிஸில்பாஷ் பழங்குடித் தலைவருங்கதான் ஷாவைச் சிம்மாசனத்துல உக்கார வச்சவங்க, அதனால இறக்கவும் முடியும்னு நினைப்பு. ஷா அப்பாஸ் (1587–1629) அவங்களை ஒதுக்கிட்டு ஜார்ஜிய, ஆர்மீனிய, சர்க்காசிய அடிமைகளை மதம் மாத்தி குலாம் படை கட்டினாரு. அதுல வந்த அல்லாவெர்தி கான்ற ஜார்ஜியர் ஃபார்ஸ் மாகாணத்துக்கே ஆளுநர் ஆனாரு, இஸ்ஃபஹான்ல 33 வளைவு வச்ச பாலம் அவர் பேர்லதான் இருக்கு. ஆனா குலாமுக்குக் காசாக் கொடுக்கணுமே? கிஸில்பாஷ் கையில இருந்த மாகாணங்களைப் பிடுங்கி நேரா அரச கஜானாவோட சேர்த்தாரு, பட்டு ஏற்றுமதியைத் தன் கைக்குக் கொண்டு வந்தாரு, அதுக்கு வியாபாரி வேணும்னு 1604ல ஜுல்ஃபா ஊரு ஆர்மீனியர்களை வேரோட பிடுங்கி இஸ்ஃபஹான் பக்கத்துல குடி வச்சாரு (வழியில ஏகப்பட்ட பேர் செத்தாங்க, இதை அவரோட "பெருமை" பட்டியல்ல யாரும் சேக்கறதில்ல). அந்தப் புது ஜுல்ஃபாவுல இருந்து மெட்ராஸ் வந்த கோஜா பெட்ரூஸ் உஸ்கான்தான் 1726ல சைதாப்பேட்டையில அடையாத்து மேல பாலம் கட்டிக் கொடுத்தவரு, இப்ப மறைமலை அடிகள் பாலம் இருக்கற இடம்.

ஆட்டோமன்ல பழைய ஏற்பாடு திமார். கிராமத்து வரியை வாங்கிக்கிட்டு சிப்பாஹி குதிரையோட போருக்கு வரணும். 1593ல ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தோட ஆரம்பிச்ச போர் 1606 வரைக்கும் இழுத்துச்சு, கோட்டை முற்றுகையில குதிரைக்காரன் எதுக்கு, துப்பாக்கிக்காரன்தான் வேணும், அவனுக்குக் கைல காசு. 1570கள்ல சுமார் 13 ஆயிரம் இருந்த ஜானிசரிகள் 1609ல 37 ஆயிரத்தைத் தாண்டிட்டாங்க. காசுக்காக வரி வசூலை ஏலம் விட்டாங்க, 1695ல ஆயுசுக்கும் குத்தகைன்னு வந்துச்சு. திமார்காரன் பொழப்பு போச்சு. "எல்லாம் கெட்டுப்போச்சு, சுலைமான் காலம் மாதிரி வருமா"ன்னு 1630 வாக்குல சுல்தான் நாலாம் முராதுக்கு கோச்சி பே எழுதிக் கொடுத்த புலம்பல் இந்த மாற்றத்தைப் பத்திதான், பிற்காலத்துல அதை வச்சே நிறைய பேர் சரிவுக் கதை கட்டினாங்க. அதுக்கப்புறம்தான் 1669ல கிரீட் தீவுல வெனிஸ்காரங்ககிட்ட இருந்து கண்டியா கோட்டையை ஆட்டோமன்காரங்க பிடிச்சாங்க, 1672ல போலந்துகிட்ட இருந்து கமெனிச் கோட்டையைப் பிடிச்சாங்க. சரியற அரசு இதெல்லாம் பண்ணுமா?

அந்தப்புரக் கதையை நான் சீக்கிரமே தாண்டிடுவேன். சுல்தான் சின்னப் பையனாவோ புத்தி சரியில்லாதவராவோ இருந்தப்ப கோசெம் மாதிரி அம்மாக்கள்தான் அரசை விழாம நிறுத்தினாங்க. 1622ல ரெண்டாம் உஸ்மானைக் கொன்னது அந்தப்புரம் இல்ல, ஜானிசரிகள். அவங்களை ஒழிச்சிட்டு வேற படை சேர்க்கப் போறாருன்னு பேச்சு அடிபட்டுச்சு. திரும்பவும் சம்பளம்தான்.

ஆனா எல்லாத்துக்கும் "சரிவு இல்ல, மாற்றம்"னு இப்ப ஃபேஷனாச் சொல்றதும் எனக்கு ஒத்துக்கல. 1722ல ஆப்கன் மஹ்மூத் இஸ்ஃபஹானை மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் முற்றுகை போட்டு, ஊரே பட்டினி கிடந்து, ஷா சுல்தான் ஹுசைன் தானே போய் மகுடத்தைக் கொடுத்தாரே, அதை விழுந்ததுன்னுதான் சொல்லணும். முகலாயக் கதை நடுவுல இருக்கு. தக்காணத்தையும், எட்டு வருஷ முற்றுகைக்கு அப்புறம் 1698ல நம்ம செஞ்சியையும் பிடிச்சாங்க, ஆனா வந்து சேர்ந்த அமீர்களுக்குக் கொடுக்க ஜாகீர் பத்தல. ஔரங்கசீப் செத்த 1707க்கு அப்புறம் வங்காளம், அவத், ஹைதராபாத் எல்லாம் வரியைத் தாங்களே வச்சுக்க ஆரம்பிச்சாலும் காசு அடிச்சது பாதுஷா பேர்ல, கணக்கு எழுதினது அதே முறையில. அதனாலதான் பக்சர் போர்ல ஜெயிச்ச கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன்கூட 1765ல முகலாய பாதுஷா ஷா ஆலம்கிட்டப் போய் வருஷம் 26 லட்சம் ரூபாய் தர்றேன்னு சொல்லி வங்காளத்தோட திவானி உரிமையை, அதாவது வரி வசூல் உரிமையை, எழுதி வாங்கினான். சிப்பாய்களுக்குச் சம்பளமும் லண்டனுக்கு அனுப்பற துணிக்கு விலையும் அந்த வரியில இருந்துதான் போச்சு.